உன் உலையை நான் கொடுக்கவில்லை

தம்பி குமரேசா,

உன் அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு உறங்குகிறோம். தோ பாயோவில் உன் புது வீட்டிலும் அப்படியே நடக்கட்டும். பஸ் ஏறினால் வந்து சேருகிற தூரத்தில் இருக்கும் மகனுக்கு எதற்குக் கடிதம் என்று உன் மனைவி சரோஜா சிரிப்பாள். நேரில் சொன்னால் நீ, "சரிம்மா, சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்திடம் அந்த வேலை பலிக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள். அவளும் உன் மகள் மல்லிகாவும் படித்தாலும் சரிதான். ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை.

வீடு மாறிய அன்று, பின்சந்தில் சுவரோரம் இருக்கும், அலுமினியம் உருக்குகிற உன் உலையைக் காட்டி, "காராங் கூனிக்காரர் வந்தா இதையும் தூக்கிக் குடுத்துருங்கம்மா" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினாய். பழைய சாமான் வாங்கும் அந்த மனிதர் அதற்குப் பிறகு பல தடவை மணியடித்துக்கொண்டு வந்து போய்விட்டார். பழைய செய்தித்தாளைக் கொடுத்தேன். உடைந்த மேசை விசிறியைக் கொடுத்தேன். உன் தங்கை, "அந்த அழுக்கு டின்னையும் குடுங்கம்மா, துணி காயப்போட எடமாவது கெடைக்கும்" என்றாள். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். மழை படாமல் ஒரு தகரத்தைப் போட்டு மூடி, அதன் மேல் செங்கல் வைத்திருக்கிறேன்.

நீ ஏன் கொடுக்கச் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அடுக்குமாடி வீட்டில் கரி மூட்ட விடமாட்டார்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாய். அது பாதி. மல்லிகாவின் ஊன்றுகோல் கைப்பிடியில் தலைமுடி போல ஒரு விரிசலைப் பார்த்த நாளிலிருந்து உனக்குள் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. அது மீதி. "எம் புள்ள உயிர வச்சு நான் வெளையாடுறேன்மா. போதும். கடையில விக்கிறதையே வாங்கிக்கலாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னாய். கடையில் வாங்கிய ஊன்றுகோலும் வந்துவிட்டது. பெரியவர்கள் கைக்குச் செய்த கைப்பிடி அது. அவள் உள்ளங்கை கொப்பளித்திருப்பதை நீயும் பார்க்கிறாய், நானும் பார்க்கிறேன். அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். உன் மகள்தானே. அதனால்தான் நீயே மறந்துபோன உன்னைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது.

துறைமுகக் கிடங்கில் கிராணி வேலை பார்த்து, நாளெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதிவிட்டு வருகிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறியதும் பழைய மண்ணெண்ணெய் டின்னுக்குள் களிமண் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கோ பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாய். டின்தான் உலை. அடியில் ஒரு குழாய், அதன் முனையில் கையால் சுற்றும் காற்றாடி. தடித்த இரும்புக் குழாயை வெட்டி அடியை அடைத்து வாங்கிக்கொண்டாய். அதற்குள்தான் அலுமினியம் உருகும். ஈர மணலில் களிமண் கலந்து பிசைந்து, மரச்சட்டத்தில் இறுக்கி, அதில் அச்சுப் பதித்து ஊற்றுவாய். முதலில் நீ வார்த்தது ஒரு மீன். மணலை உடைத்து எடுத்ததும் சரோஜா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீனுன்னு சொன்னீங்க. பாவக்கா மாதிரில இருக்கு?"

"வாலைப் பாரு. வால் நல்லா வந்திருக்கு."

"அப்ப வால மட்டும் கொழம்பு வைக்கவா?"

நீ கோபப்படவில்லை. அந்தப் பாகற்காயைத் திரும்ப உருக்கிவிட்டு மறு ஞாயிறு இன்னொரு மீன் வார்த்தாய். அதற்குச் செதில் வந்தது. நம் சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். மணலையோ கரியையோ, காற்றாடி சுற்றிய சரோஜாவையோ நீ ஒருநாளும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சரியாக வராததைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது என்று கேட்பவன் மாதிரி உட்கார்ந்திருப்பாய். அதை அப்போதே கவனித்தேன். ஆனால் பெரிதாக நினைக்கவில்லை. ஆண்பிள்ளைக்கு ஒரு பொழுதுபோக்கு, குடியும் சூதும் இல்லாமல் இது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு நம் மல்லிகாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. நடக்கப் பழகி, வாசல்படி தாண்டி ஓட ஆரம்பித்திருந்த பிள்ளை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். உயிரோடு வந்தாள், வலது கால் வரவில்லை. அந்த நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மர ஊன்றுகோல் அக்குளில் முட்டுக்கொடுக்கிற மாதிரி. அது தோலை உரித்தது. அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பாட்டி, தூக்கு" என்று கையை நீட்டுவாள். நானும் தூக்குவேன். என் இடுப்பிலேயே வளர்ந்தாள் என்று சொன்னால் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை கெட்டவர் மாதிரி பேசவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார்: "வகுப்பு மாடியில இருக்கும்மா. புள்ள தானா ஏறி எறங்கணும். தூக்கிட்டுப் போக நாங்க ஆள் வைக்க முடியாது. வருஷம் பொறக்கட்டும், ஏற முடிஞ்சா கூட்டிட்டு வாங்க." நீ அந்தப் படிக்கட்டைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியில், ஜாலான் புசார் முனையில் நின்று, "அம்மா, கைய ஊனி நடக்கிற மாதிரி, அவ அளவுக்கு லேசா நானே செஞ்சு பாக்குறேன்" என்றாய்.

உள்ளங்கையால் பிடித்து, முழங்கைக்குக் கீழே ஒரு வளையம் தாங்குகிற மாதிரியான ஊன்றுகோல். கோலுக்கு அலுமினியக் குழாய் கிடைத்துவிட்டது. குழாயையும் கையையும் சேர்க்கிற கைப்பிடியைத்தான் வார்க்க வேண்டும். பிள்ளையின் எடை முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் இறங்கும். அதன் அளவை எடுக்க நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை இன்றைக்கும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் கூடுதலாக உப்புப் போட்டுக் கெட்டியாக உருட்டித் தரச் சொன்னாய். மல்லிகாவிடம் கொடுத்து, "பஸ்ல கம்பியப் புடிக்கிற மாதிரி புடிம்மா" என்றாய். அவள் பிடித்ததும் விரல் விரலாக மாவில் பள்ளம் விழுந்தது. அதைக் காயவைத்து, அதைப் பார்த்து மரத்தில் செதுக்கி, அந்த மரத்தை மணலில் பதித்தாய். பிள்ளையின் பிடியே அச்சானது.

இப்போது என் குண்டான் கதை. நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேத்திக்கு நகை செய்யப் பாட்டியின் பழைய நகையை உருக்குவோம். கடையில் புதுத் தங்கம் எவ்வளவு கிடைத்தாலும், பாட்டியின் கம்மலில் கொஞ்சமாவது அதில் சேர வேண்டும். அப்படிச் செய்தால்தான் அது வீட்டு நகை. என்னிடம் உருக்குவதற்குத் தங்கம் இல்லை. அலுமினியக் குண்டான் இருந்தது. என் கல்யாணச் சீரில் வந்தது. அலுமினியம் புதுசாக இருந்த காலம் அது, வெள்ளி மாதிரி மின்னும், பார்க்கிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். உன் அப்பா இருந்தவரை பொங்கலுக்கும் பாயசத்துக்கும் தவிர அதை நான் அடுப்பில் ஏற்றியதில்லை. அதைச் சாம்பல் போட்டு விளக்கி, துடைத்து, உன் முன்னால் வைத்து, "இத உருக்கி எம் பேத்திக்குச் செய்" என்றேன். நீ அதைத் தூக்கிப் பார்த்தாய். விளிம்பைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாய். சரோஜா உன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்றாய்.

வார்த்து எடுத்தபோது எவ்வளவு அழகாக இருந்தது! விரல் பள்ளங்களோடு, பால் நிறத்தில். நான் அதை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மல்லிகாவைக் கூப்பிட்டேன். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று நீ அதை எடுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனாய். இரும்புச் சுழல் படிக்கட்டின் கம்பியில் அதைக் குழாயோடு சேர்த்துக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கித் தொங்கினாய். கைப்பிடி மெழுகு மாதிரி வளைந்தது. ஒரு உலுக்கு உலுக்கினாய், கழுத்தில் கிழிந்து கையோடு வந்துவிட்டது. பின்வாசலில் நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்தோம். மல்லிகா என் இடுப்பில் இருந்தாள்.

"நீ எருமை மாதிரி தொங்குனா என்ன ஆகும்? அவ எவ்ளோ கனம் இருக்கப்போறா?" என்று கத்தினேன்.

நீ அருகில் வந்து, எல்லோருக்கும் முன்னால் சொன்னாய்: "அம்மா, உங்க குண்டான் இதுக்கு ஆகாது."

அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! என் பிறந்த வீட்டையே குறை சொன்ன மாதிரி இருந்தது. சாயங்காலம்வரை உன்னோடு பேசவில்லை. நீ காப்பியை ஆற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாய். "சுத்தத் தங்கத்துல வளையல் செய்வாங்களாம்மா?" என்று கேட்டாய். செய்ய மாட்டார்கள், வளைந்துவிடும், பத்தர் செம்பு சேர்ப்பார் என்றேன். "இதுவும் அதே கதைதான். பாத்திரம் செய்யிற அலுமினியம் மெதுவா இருக்கும். மெதுவா இருந்தாத்தான் தகடா தட்டி, குண்டானா வளைக்க முடியும். ஆனா உருக்கி ஊத்துனா அச்சுல ஒழுங்கா ஓடாது, கனம் தாங்காது. ஊத்திச் செஞ்ச சாமானா பாத்து எடுக்கணும். அதுல ஏற்கெனவே சரக்கு சேத்திருப்பாங்க." எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் செம்பு சேர்க்கிற விஷயம் நன்றாகப் புரிந்தது. கோபம் போய்விட்டது. "அப்ப அந்தச் சாமானை எங்க போய்த் தேடுறது? நானும் வர்றேன்" என்றேன்.

இப்போது யோசிக்கிறேன். இந்த வீட்டில் நான் சொன்னதற்கு மறுத்துப் பேசுகிறவர்கள் யாரும் இல்லை. உன் அப்பாவே மறுத்ததில்லை. என் மனம் நோகக்கூடாது என்று அந்தக் கைப்பிடியை நீ அப்படியே பிள்ளை கையில் கொடுத்திருந்தால்? சிராங்கூன் ரோட்டைத் தாண்டும்போது அது கிழிந்திருந்தால்? நான் கொடுத்த சீர்ப் பாத்திரம் என் பேத்தியை பஸ் முன்னால் தள்ளியிருக்கும். பாசமாக நீட்டுகிற பொருளையும் தொங்கிப் பார்த்துவிட்டு, ஆகாது என்றால் ஆகாது என்று சொல்கிற பிள்ளையை நான் பெற்றிருக்கிறேன். அதை உன்னிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

சுங்கை ரோட்டுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். கித்தானை விரித்து, பழைய ரேடியோவும் காலில் போடும் சப்பாத்தும் இரும்பும் குவித்து வைத்திருக்கிற சந்தை. பழைய உலோகம் விற்கும் சீனக் கிழவர் உன்னைப் பார்த்ததும், "ஆ, தம்பி!" என்று தமிழில் கூப்பிட்டார். நான் குவியலில் கையை விட்டு, பளபளவென்று ஒரு துண்டை எடுத்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. "குமரேசா, இதப் பாரேன். கையில கனமே தெரியல. நம்ம புள்ளைக்கு இதுதாம்ப்பா வேணும்."

கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பகுஸ், பகுஸ்! கப்பால் தெர்பாங்!" என்று கையை விரித்து விமானம் பறக்கிற மாதிரி காட்டினார். நல்ல சரக்கு, விமானத்தில் இருந்தது என்கிறார்.

நீ அதை வாங்கி, சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்து ஓரத்தில் ராவினாய். கொஞ்சம் தூள் காகிதத்தில் விழுந்தது. காகிதத்தைத் தள்ளித் தரையில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாய். ஐயோ, அந்த வெளிச்சம்! பட்டப்பகலில் மின்னல் அடித்த மாதிரி வெள்ளையாகப் பொரிந்தது. கிழவர் முக்காலியோடு பின்னால் சாய்ந்து, "அய்யா! லூ கிலா-கா?" என்று கத்தினார். பைத்தியமா உனக்கு என்று மலாயில் கேட்கிறார். பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து அதையே கேட்டார்கள்.

"இது அலுமினியம் இல்லம்மா, மக்னீசியம். உலையில போட்டா இப்படித்தான் புடிச்சுக்கும், தண்ணி ஊத்துனா இன்னும் மோசம். லேசா இருக்கிறது நல்லதுதான். ரொம்ப லேசா இருந்தா சந்தேகப்படணும்."

அடுத்து ஒரு கதவுக் கைப்பிடியைக் காட்டினேன். அது கையில் கனத்தது. "இது துத்தநாகம். கொஞ்சம் கலந்துட்டாலும் வார்ப்பு நொறுங்கிப் போகும்." ஜன்னல் சட்டம் ஒன்றைக் காட்டினேன். "உங்க குண்டானுக்குத் தம்பிம்மா இது." நான் சட்டத்தைக் கீழே போட்டேன். நீ குவியலின் அடியில் கையை விட்டு, கன்னங்கரேலென்று எண்ணெய் வடிகிற ஒன்றை எடுத்தாய். டம்ளரைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. லாரி என்ஜினுக்குள் இருக்கிற பிஸ்டன்.

"இந்த அழுக்கையா புள்ள கையில புடிக்கும்?"

"அழுக்கு மேலதாம்மா. இது உருக்கி ஊத்திச் செஞ்சது. என்ஜினுக்குள்ள நெருப்புல வெந்து, மேலயும் கீழயுமா அடி வாங்கி, அவ்ளோ பெரிய லாரிய இழுத்துட்டு, அப்பவும் ஒடையாம வந்திருக்கு. மல்லிகாவுக்கு இதவிட யாரு தாங்குவா?"

அரத்தால் ராவிக் காட்டினாய். கறுப்புக்கு அடியில் வெள்ளை. காந்தத்தை வைத்துப் பார்த்தாய். இரும்பு வளையத்தில் மட்டும் ஒட்டியது. அதைக் கழற்றிவிடலாம் என்றாய். அன்றைக்கு உன் பக்கத்தில் குந்தியிருந்தபோது எனக்கு ஒரு பெருமை வந்தது பார், உன்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்த நாளில்கூட அப்படி வரவில்லை.

பிஸ்டன்களை நான் சோப்புப் போட்டுக் கழுவியதும், நீ ஈரம் போக உலை விளிம்பில் அடுக்கிச் சூடாக்கிவிட்டுத்தான் உள்ளே போட்டதும், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் உருகினது வெடித்து முகத்தில் தெறிக்கும் என்று எங்களை எல்லாம் தூரமாக நிற்கவைத்ததும் உனக்கே தெரியும். முதல் கைப்பிடி நன்றாக வந்தும் அதை ரம்பத்தால் நடுவில் அறுத்தாய். "ஏம்ப்பா, நல்லாத்தானே இருக்கு?" என்று நான் கேட்க, சரோஜாவும் பதறினாள். உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாய். இல்லை. அதன் பிறகு வார்த்ததைத்தான் படிக்கட்டுக் கம்பியில் கட்டினாய். நீ தொங்கினாய். சரோஜாவைத் தொங்கச் சொன்னாய். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாய்.

"நானா? போடா!"

"நீங்கதாம்மா நம்ம வீட்லயே கனம்."

சந்தில் நின்ற சீனத்திகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நானும் தொங்கினேன். அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஊன்றுகோல் அளவு பார்க்கிறவரிடம் கொண்டுபோனபோது, அவரும் இழுத்தும் திருகியும் பார்த்துவிட்டு, எந்தக் கம்பெனி சரக்கு என்று கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். நான்தான் சொன்னேன்: "எம் மவன் கம்பெனி."

வருஷம் பிறந்து பள்ளிக்கூடத்துக்குப் போன காலை. தலைமையாசிரியை மேலே நிற்கிறார். மல்லிகா கீழ்ப்படியில். எனக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கை பரபரத்தது. நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். அவள் முதல் படியில் கோலை ஊன்றினாள், ஏறினாள். நடுவில் ஒரு படியில் நின்றுவிட்டாள். திரும்பி உன்னைப் பார்த்தாள். நீ நகரவில்லை. பின்னால் நின்ற எனக்குத்தான் தெரியும், உன் விரல்கள் ஒன்றையொன்று நெரித்து வெளுத்துப் போயிருந்தன. அவள் மறுபடி ஊன்றினாள். மேலே போய்ச் சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே பார்த்துச் சொன்னாள்: "அப்பா, நீங்க ஏன் அங்கயே நிக்கிறீங்க? உங்கள யாராச்சும் தூக்கணுமா?" தலைமையாசிரியை சிரித்தார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். என் இடுப்பு அன்றைக்குத்தான் காலியானது.

என் குண்டான் என்ன ஆனது என்றும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிற சரோஜா அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்பாள். கிழிந்துபோன அந்தக் கைப்பிடியை நீ வீசி எறியவில்லை. உருக்கி, கனம் தாங்க வேண்டாத ஒன்றைச் செய்தாய்: தட்டையாக, வட்டமாக, பாண்டி விளையாடுகிற சில்லு. மல்லிகா அதைக் கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில் எறிந்து, கோலை ஊன்றிக் கட்டம் கட்டமாகத் தாவுவாள். எதிர்வீட்டுப் பிள்ளை ஒருத்தி, "நீ எப்படி இத ஆடுவ?" என்று கேட்டாள். இவள் சொன்னாள்: "எல்லாரும் ஒத்தக் கால்லதான ஆடணும்? எனக்கு எப்பவும் அதான. உனக்குத்தான் கஷ்டம்." அவளே ஜெயித்தாள் என்று வேறு சொல்ல வேண்டுமா?

அதற்குப் பிறகு அவள் கை வளர வளர நீ புதுக் கைப்பிடி வார்த்துக்கொண்டே இருந்தாய். கடைசியாக வார்த்ததில்தான் விரிசல் வந்தது. வீடு மாறுகிற அவசரத்தில், யாரோ கொடுத்த துண்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் உலையில் போட்டேன் என்று நீயே சொன்னாய். சரி. ஆனால் அந்த விரிசலைக் கண்டுபிடித்தது யார்? ஒவ்வொரு ஞாயிறும் கைப்பிடியைக் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்க்கிற நீதானே? உடைவதற்கு முன்னால் பார்த்துவிட்டாய், பிள்ளை விழவில்லை. கடையில் விற்றவர் தோ பாயோ மாடி ஏறி வந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பாரா? உனக்கு வந்திருக்கிற பயம் நல்ல பயம்தான். அந்தப் பயத்தோடுதான் நீ என் குண்டானில் தொங்கினாய். அதை வைத்துக்கொண்டு வேலை செய். உலையைக் கொடுத்துவிட்டால் பயம் மட்டும்தான் வீட்டில் மிஞ்சும்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன், திட்டாதே. உன் பழைய அரத்தையும் காந்தத்தையும் கூடையில் போட்டுக்கொண்டு நானே சுங்கை ரோட்டுக்குப் போனேன். கிழவர் என்னைத் தனியாகப் பார்த்ததும், "அனாக் மானா?" என்றார். மகன் எங்கே என்கிறார். "இன்னிக்கு மகன் இல்ல. நான்தான் தவுக்கே" என்று முதலாளி மாதிரி நெஞ்சைத் தட்டினேன். உட்கார்ந்து குவியலைக் கலைத்தேன். அரத்தை எடுத்ததுதான் தாமதம், கிழவர் இரண்டு கையையும் தூக்கி, "ஜாங்கான் பாக்கார் லா!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். கொளுத்திவிடாதே அம்மா என்று அர்த்தம். பக்கத்துக் கடையெல்லாம் சிரிப்பு. கொளுத்தவில்லை. மினுங்கியதை எல்லாம் தள்ளினேன். பஞ்சாக இருந்ததைத் தள்ளினேன். குண்டான்கள் கிடந்தன, என்னுடையதைவிட நல்ல குண்டான்கள், அவற்றையும் தள்ளினேன். கறுத்து, எண்ணெய் பிடித்த பிஸ்டன்களாகப் பார்த்து எடுத்தேன். வளையங்களைக் கழற்றிக் கழுவி, இரும்புச் சட்டியில் வைத்து அடுப்போரம் நாள் தவறாமல் காயவைக்கிறேன். ஒன்றில் மட்டும் சந்தேகம். மற்றவற்றைவிடச் சற்றுக் கனமாக இருக்கிற மாதிரி கைக்குத் தெரிகிறது. அதைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். நீ பார்த்துச் சொல். ஆகாது என்றால் என் முகத்துக்கு நேராகச் சொல். கோபப்பட மாட்டேன். பட்டாலும் சாயங்காலம்வரைதான்.

சனிக்கிழமை மல்லிகா இங்கே தங்க வந்தாள். மாவு பிசைந்தேன், உப்புக் கூடுதலாகப் போட்டேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. உருண்டையைப் பார்த்ததும் கையை நீட்டினாள். கொப்புளம் எரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தாள். எடுத்துப் பழைய கைப்பிடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சுண்டுவிரல் பள்ளம் பழையதைத் தாண்டி வெளியே போகிறது. "பாட்டி, அப்பாகிட்ட சொல்லாதீங்க, பயப்படுவாங்க" என்றாள். சொல்லவில்லை, எழுதியிருக்கிறேன்.

மாவு ஜன்னல் ஓரத்தில் காய்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கெட்டிப்பட்டுவிடும். பசியாற இங்கே வா. காற்றாடி சுற்ற சரோஜாவையும் அழைத்து வா.

உன் அம்மா